ஆறு படி உயரம்

எங்கள் எஸ்டேட் கோயிலின் முதல் பிரசங்க பீடம் தேயிலைப் பெட்டிகளால் ஆனது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலைக்குக் கீழே சரிவில் இறங்கினால் வரும் தோட்டம் அது. தாத்தா அங்கே உபதேசியார். கோயில் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஃபாக்டரிக்காரர்கள் வேண்டாமென்று விட்டுவிட்ட தகரக் கூரைக் கிடங்கு. இரண்டு பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளைத் துணி போர்த்தினால் வேதப் புத்தகம் வைக்க இடம் ஆயிற்று. பின்னால் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தாத்தா ஏறி நிற்பாராம். ஒட்டுப்பலகைதான் என்றாலும் ஓரமெல்லாம் தகரப் பட்டை அடித்த பெட்டி, தாத்தாவும் ஒல்லி, ஆகவே அசம்பாவிதம் ஒன்றும் நடக்கவில்லை.

பெட்டியின் முகத்தில் தோட்டத்தின் பெயர், தேயிலையின் ரகம், நிகர எடை எல்லாம் கறுப்பு மையில் அச்சு வைத்திருப்பார்கள். போர்த்திய துணியோ துவைத்துத் துவைத்து நைந்த துணி. அடக்க ஆராதனையில் மனிதன் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்புவதைப் பற்றித் தாத்தா உருகிப் பேசும்போது, துணிக்கு அடியிலிருந்து ‘டஸ்ட்’ என்ற எழுத்து சபையைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ரைட்டரும் கண்டக்டரும் மட்டும் துக்கத்தின் நடுவே உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக ஆச்சி சொல்வாள். அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நீலகிரியில் வாழ்ந்த காலமெல்லாம் குளிரையும் பிரசங்கிமாரையும் திட்டிக்கொண்டே வாழ்ந்தவள்.

நான் விவரம் தெரிந்து பார்த்தது அதற்குப் பிறகு வந்த மரப் பீடத்தை. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன வெள்ளைக்காரத் துரை, போகிற போக்கில் செய்துகொடுத்த தானம். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் சிலவற்றை வெட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். தச்சர் ஊட்டிக்குப் போய் அங்கே கோயில்களில் உள்ளதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து அறுகோணமாக ஒன்று செய்தார். இடுப்பளவு அடைப்பு, பக்கவாட்டில் வளைந்து ஏறும் ஆறு படி, தலைக்கு மேலே ஒரு மரக்குடை. குடை எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது. தகரம் ஒழுகும் என்பதால் பாதிரி ஐயர் நனையாமலிருக்க வைத்ததாக நினைத்திருந்தேன். அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. சபையில் மற்ற எல்லாரும் நனைந்துகொண்டுதான் இருந்தோம்.

தோட்டத்தில் உயரம் என்பது சும்மா கிடைக்கிற விஷயம் இல்லை. துரை பங்களா மேட்டின் உச்சியில். அதற்குக் கீழே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். இன்னும் கீழே, ஓடையை ஒட்டி, லைன் வீடுகள். விடியற்காலை மஸ்டர் எடுக்கும்போது கண்டக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கல்படிமேல் ஏறி நின்றுதான் பேர் கூப்பிடுவார். சிலோனிலிருந்து வந்தவர்கள் அதைப் பெரட்டு என்பார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து, அரசாங்கம் அவர்களுக்கென்றே 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த ஜனம் இந்த மலையில் நிறைய. பிற்பாடு 1976-ல் அந்தத் தோட்டங்கள் டான்டீ என்ற கம்பெனியாயின. அவர்களில் சிலர் உறவைத் தேடி எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் கல்படிமேல் நிற்பவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏழாம் நாள் மரப்படிமேல் நிற்பவரை அண்ணாந்து பார்க்க வருவார்கள். கழுத்து பழகியிருந்தது. கோயிலுக்குள்ளும் பெஞ்சு ஸ்டாஃபுக்கு, பாய் மற்றவர்களுக்கு. ‘கர்த்தருடைய சமுகத்தில் எல்லாரும் சமம்’ என்று ஆறு படி உயரத்திலிருந்து சொல்லப்பட்டது.

இந்தப் பீடத்துக்கு இங்கிலீஷில் புல்பிட் என்று பெயர். பெயரின் பூர்வீகத்தை நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பிற்பாடு. ஆச்சி அப்போது இல்லை. இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாள். லத்தீனில் புல்பிதும் என்றால் பலகை மேடை, அதிலும் குறிப்பாக, நாடகக்காரர்கள் ஏறி நின்று நடிக்கிற மேடை. ரோமாபுரியில் கூத்தாடிகள் மிதித்த பலகை அது. ஆதிக் கிறிஸ்தவப் பெரியவர்களுக்கோ நாடகம் என்றாலே ஆகாது. பொன்வாய் என்று பட்டம் பெற்ற யோவான் கிறிசோஸ்தொம், ஜனங்கள் ஆராதனையை விட்டுவிட்டுத் தியேட்டருக்கும் தேரோட்டத்துக்கும் ஓடுகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டு பேசிய பேச்சு இன்றைக்கும் இருக்கிறது. காலப்போக்கில் தியேட்டர்கள் பாழாயின. அவற்றின் பலகையின் பெயர் மட்டும் எப்படியோ கோயிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரன் வாயில் அது புல்பிட் ஆனபோது நாடக வாசனை சுத்தமாகப் போயிருந்தது.

இன்னொரு தமாஷும் உண்டு. ஆரம்ப நூற்றாண்டுகளில் பிரசங்கம் செய்கிற பிஷப் உட்கார்ந்திருப்பார். கேட்கிற ஜனம் நின்றுகொண்டிருக்கும். கிறிசோஸ்தொம்கூட, ஜனங்களுக்குக் கேட்கட்டும் என்று கோயிலின் நடுவாந்தரத்திலிருந்த மேடைக்கு வந்து உட்கார்ந்து பேசியவர்தான். பெஞ்சு என்ற ஏற்பாடெல்லாம் இடைக்காலத்தின் பிற்பகுதியில் பரவியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன், டொமினிக்கன் துறவிகள் ஊர் ஊராகப் போய்ப் பேச ஆரம்பித்த பிறகுதான் பீடத்துக்கு மவுசு ஏறியது. 1260-ல் இத்தாலியின் பீசா நகரத்தில் நிக்கோலா பிசானோ செதுக்கிய பளிங்குப் பீடத்தைச் சிற்பக்கலை படிப்பவர்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு பீடத்தோரத்தில் ஒரு மணல் கடிகாரமும் வைத்தார்கள். பிரசங்கி அளவோடு நிறுத்தவேண்டும் என்பதற்காக வைத்தது. மணல் தீர்ந்ததும் அதைத் திருப்பிவைத்துவிட்டு இன்னொரு மணி நேரம் பேசியவர்களும் உண்டு. எங்கள் ஊரில் கடிகாரம் இல்லாததில் ஒரு நஷ்டமும் இல்லை.

தலைக்கு மேலிருந்த குடைக்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. பேசுகிறவனின் குரல் மேலே கூரைக்குள் போய்த் தொலைந்துவிடாமல், பலகையில் பட்டு முன்பக்கமாகக் கீழே திரும்பவேண்டும். அதற்கான தச்சு வேலை அது. ஆறு படி உயரமும் அப்படித்தான். முன்வரிசைத் தலைகள் மறைத்தால் குரல் பின்வரிசைக்குப் போகாது. ஆக, அந்த உயரத்துக்கு முதல் காரணம் காது. அதிகாரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்படியிருந்தும் எங்கள் மலையில் குடை தோற்றுப்போகிற மாதம் ஒன்று உண்டு. ஐப்பசி மழை. குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்குத்தான் பேயாட்டம். தகரக் கூரையில் அது இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. மேலே ஐயரின் வாய் அசையும், கை உயரும், கண் மூடும். தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு ஐயர் விடமாட்டார். மழை ஏற ஏற அவர் குரலும் ஏறும். கடைசியில் கழுத்து நரம்பு புடைத்து, மழை ஒரு கணம் ஓய்ந்த இடைவெளியில், ‘நரகம்!’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் கோயில் முழுக்கத் துல்லியமாகக் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் வீறிட்டன. நான் ஆச்சியின் சேலையைப் பிடித்து இழுத்து, “என்ன ஆச்சி சொல்றாரு?” என்றேன்.

“ஏல, சும்மா கெட. அவரு பேச்ச மழ கேட்டுக்கிட்டிருக்கு. நமக்கென்ன.”

மழை இல்லாத நாளில் மஞ்சு. ஜன்னல் வழியாக உள்ளே வந்து முதலில் பலிபீடத்து மெழுகுவர்த்திகளை மங்கவைத்து, அப்புறம் பீடத்தின் அடிப்பாகத்தை விழுங்கும். ஐயர் மேகத்தின்மேல் நிற்பவராகக் காட்சி தருவார். அது பிரசங்கத்துக்குப் பெரிய உதவி. தூக்கத்துக்கும் உதவி. பவுல் நடுராத்திரி வரை பிரசங்கம் பண்ணியபோது மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி விழுந்த ஐத்திகுவின் கதையை அந்த ஐயர் வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுப்பார். கோயிலில் தூங்குகிறவர்களுக்கு எச்சரிக்கை என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். நீட்டிப் பேசுகிறவர்களுக்கு எச்சரிக்கை என்பது ஆச்சியின் வியாக்கியானம். வேத அறிவில் அவள் குறைந்தவள் இல்லை.

ஊட்டிக்குக் கூட்டிப்போனால் அப்பா பொட்டானிக்கல் கார்டனுக்கு முன்னால் ஸ்டீபன் கோயிலைத்தான் காட்டுவார். 1829 ஏப்ரல் 23, நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்த நாள் விழா. அன்றைக்குச் சென்னை கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் கல் நாட்டினார். கவர்னரின் பெயரும் ஸ்டீபன், கோயிலின் பெயரும் ஸ்டீபன். முதல் இரத்தசாட்சியைத்தான் நினைத்தார்கள் என்று நம்புவோம். கட்டியவர் கேப்டன் அண்டர்வுட். 1830 நவம்பரில் கல்கத்தா பிஷப் டர்னர் வந்து பிரதிஷ்டை செய்தார். கூரைக்கு விட்டங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து, திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றிக் கொண்டுவந்தவை. 1799-ல் கொன்று முடித்த எதிரியின் கூரைக்குக் கீழே நின்று முப்பது வருஷம் கழித்துச் சத்துருக்களைச் சிநேகிப்பதைப் பற்றிப் பேசுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். அப்பா அந்த விட்டங்களை அண்ணாந்து பார்த்து மரத்தின் தரத்தைப் புகழ்வார். ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்தவர் அவர். எதையும் சரக்காகத்தான் பார்ப்பார்.

ஏரிப் பக்கம் தாமஸ் கோயில் கல்லறையையும் பார்க்கவேண்டும். விவேகானந்தரின் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் பிடித்துவைத்த ஜே. ஜே. குட்வின் அங்கேதான் கிடக்கிறார். 1898 ஜூன் 2-ந் தேதி ஊட்டியில் காய்ச்சலில் போனபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. விவேகானந்தரின் சொற்பொழிவுகளை இன்று நாம் புத்தகமாகப் படிக்கிறோம் என்றால் பெரும்பாலும் அந்தப் பையனின் விரல்களால். ஒரு மகானின் வாய்க்கு ஒரு சுருக்கெழுத்தாளர். அந்தக் காலத்துக்கு அதுவே ஆடம்பரம். தாத்தாவின் பிரசங்கங்களுக்கு மிஞ்சியது இலை எடை போடும் சீட்டுகளின் முதுகில் பென்சிலால் எழுதிய குறிப்புகள்தான். ஒரு பக்கம் பேதுரு மறுதலித்த கதை, மறுபக்கம் பேச்சியம்மாள் பதினெட்டுக் கிலோ.

பீடம் இருந்தால்தான் பிரசங்கமா என்று கேட்டால், இந்த மலையிலேயே அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. கேத்தியில் 1846-ல் பாசல் மிஷன் வந்து உட்கார்ந்தது. அதற்கு வீடும் சொத்தும் கொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர். வந்த ஜெர்மன் மிஷனரிகளில் ஃபிரெடரிக் மெட்ஸ் என்பவர் வருஷக்கணக்காகப் படகர் ஹட்டிகளுக்கும் தோடர் மந்துகளுக்கும் நடையாய் நடந்தார். பீடம் கிடையாது, மேடை கிடையாது. திண்ணையில் இடம் கொடுத்தால் உட்கார்ந்து பேசுவது, கொடுக்காவிட்டால் நின்றுகொண்டு பேசுவது. ஜனங்கள் கேட்டார்கள், குறுக்குக் கேள்வி போட்டார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல்தான். பன்னிரண்டு வருஷப் பேச்சுக்கு ஒரு ஆள். ஆனால் அத்தனை வருஷம் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்ட மனிதர், மலைக்குடிகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அதை ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் புரட்டுகிறார்கள். சமதரையில் நிற்பவனுக்கு எதிராளி பேசுவதும் காதில் விழுந்துவிடுகிறது.

பிரசங்கம் கோயில் பீடத்தோடு நின்றுவிடவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் பள்ளியில் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து, வேதாகம மொழிபெயர்ப்புக்குக் கைகொடுத்த இளைஞர் ஒருவர், பாதிரிமார் வாராவாரம் ஒரு வசனத்தை எடுத்து விரித்துப் பேசும் வித்தையை நன்றாகக் கவனித்துவைத்திருந்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அதே வித்தையை அவர்களுக்கு எதிராகவே எடுத்துவிட்டார். அவர்தான் ஆறுமுக நாவலர். அதன்பிறகு சைவப் பிரசங்கம், சுதேசிப் பிரசங்கம், கட்சிப் பிரசங்கம் என்று தமிழ்நாடே மேடை ஏறியது. தமிழ் அரசியல் மேடைப் பேச்சின் வேர் புராட்டஸ்டண்ட் பிரசங்கத்தில் இருக்கிறது என்று பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் வாதிட்டிருக்கிறார். எனக்கு அது ஆராய்ச்சியாகவே படவில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசிய எங்கள் சித்தப்பா நாத்திகர்; ஆனால் குரல் ஏறும் இடம், இறங்கும் இடம், கேள்வி கேட்டு நிறுத்திச் சபையை ஒரு வட்டம் பார்க்கும் இடம் எல்லாம் அப்படியே தூத்துக்குடி ஐயர். நரகம் என்று வருமிடத்தில் நிர்வாகம் என்று வரும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலைக் கெடுத்தது மைக். காந்தி கூட்டங்களின் பழைய படங்களில் மைக்கின் தலையில் ‘சிகாகோ ரேடியோ’ என்று எழுதியிருக்கும். பெயர்தான் சிகாகோ, ஆள் பம்பாய் மோட்வானே. எங்கள் கோயிலுக்கு வந்தது ஒரு அகுஜா ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயும் கோழியும் விற்ற காசில். அதை எங்கே வைப்பது என்று கமிட்டி கூடிப் பேசி, பீடத்துக்குள்ளேயே வைத்தார்கள். கரண்ட் பாக்ஸும் அங்கேதான். ஐயருக்கு நிற்க இடம் போதவில்லை, கீழே இறங்கினார். மைக்கை ஸ்டாண்டில் மாட்டித் தரையில் நின்று பேசினார். குடைக்கு இனி வேலை இல்லை, படிக்கும் வேலை இல்லை. மழையை ஜெயித்தாகிவிட்டது. இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. தரைக்கு வந்த ஐயரின் குரல் லைன் வீடுகளைத் தாண்டி, பக்கத்து ஹட்டியைத் தாண்டி, எதிர்மலைத் தோட்டம் வரை கேட்டது. ஆறு படிமேல் நின்றபோது அவர் பேச்சிலிருந்து தப்பிக்கக் கோயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும். கீழே இறங்கியபின் தப்பிக்கவே முடியவில்லை. குழந்தை பெற்ற மூன்றாம் நாளில் படுத்திருந்த பெண்ணொருத்தியின் மாமியார் வந்து சண்டை போட்ட பிறகு ஒரு குழாயின் முகத்தை ஓடைப் பக்கம் திருப்பினார்கள்.

தோட்டத்துக்கு வெளியேயும் அப்போது உயரங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அப்பா ஒருதரம் கூட்டிப்போனார். உயர்ந்த மேசைக்குப் பின்னால் ஏலக்காரர், கையில் சுத்தி, கீழே வரிசையாக வாங்குபவர்கள். அவர் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. சபையோ ஒருவர்கூடத் தூங்காமல் கேட்டது. வாரம் முழுக்கத் தோட்டம் பறித்து, வாட்டி, உருட்டி, காயவைத்ததன் நியாயத்தீர்ப்பு அங்கே சில நொடியில் முடிந்தது. அப்பா திரும்பி வரும்போது, “ஐயர் இவர்கிட்ட டிரெயினிங் எடுக்கணும்” என்றார். இப்போது ஏலம் கம்ப்யூட்டரில். சுத்தி இல்லை, மேசை இல்லை, குரலும் இல்லை. அவரவர் ஆபீஸில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுகிறார்கள். விலை சரியில்லை என்ற புலம்பல் மட்டும் பழைய டெசிபலில் இருக்கிறது.

எங்கள் கோயில் இப்போது கோயில்தான், சந்தேகமில்லை. டைல்ஸ் தரை, ஃபால்ஸ் சீலிங், மழை பெய்தால் வெளியே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாய் போய் எல்லாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. இது நல்ல மாற்றம், இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முன்னால் பலிபீடத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு அகலமாக ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். டிரம்ஸ், கீபோர்டு, பின்சுவரில் எல்.இ.டி. திரை, நீல விளக்கு. நடுவில் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ஸ்டாண்டு ஒன்று. பிரசங்கியின் கால் வரை தெரிகிறது. ஆனால் அவர் அதன் பின்னால் நிற்பதில்லை. காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார், நிற்கிறார், முழங்காலில் விழுகிறார், அழுகிறார், அழுதபடியே கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்கிறார். 2020-ல் கோயிலைப் பூட்டியபோது செல்போனில் ஆராதனையை அனுப்ப வைத்த முக்காலி, பூட்டைத் திறந்த பிறகும் எடுக்கப்படவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தால் முக்காலி மறைக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது உத்தமம். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று நிறையப் பேர் இருந்துவிட்டார்கள்.

குட்வின் இருந்தால் வேலை போயிருக்கும். எல்லாமே பதிவாகிறது. எங்கள் சபையின் பிரசங்கங்கள் மட்டுமே யூடியூபில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. மலையில் சிக்னல் அறுந்ததால் பாதி வாக்கியத்தில் உறைந்த முகங்கள் உட்பட. பேசுகிறவருக்கு ஐயர் என்ற பேரும் போயிற்று, பாஸ்டர். பேசுவது பிரசங்கமும் இல்லை, செய்தி. ‘இன்றைக்குச் செய்தி கொடுப்பவர்’ என்று அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு ஆகாஷ்வாணி ஞாபகம் வந்து தொலைக்கிறது. நேரம் மட்டும் மாறவில்லை. திரையின் மூலையில் டிஜிட்டல் கடிகாரம் ஓடுகிறது. பேசுபவருக்கு அது முதுகுப்பக்கம்.

பழைய பீடம் என்னவாயிற்று என்று விசாரித்தேன். கோயிலுக்குப் பின்னால் சாமான் அறையில் இருந்தது. கீழே யாரோ சக்கரம் மாட்டியிருந்தார்கள். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர், ஒரு ரிசார்ட்டின் ரிசப்ஷனுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நல்ல விலைக்குக் கேட்டாராம். கமிட்டியில் இரண்டு கட்சியாகிவிட்டதால் விற்கவில்லை. நீலகிரியில் ஒரு பொருள் பிழைத்திருக்க கமிட்டிச் சண்டையைப் போல உறுதியான ஏற்பாடு கிடையாது.

“அங்கிள், எனக்கும் அதை வச்சுக்கணும்னு ஆசைதான்” என்றார் பாஸ்டர். முப்பது வயதுப் பையன், தங்கமான குணம். “ஆனா அதுமேல ஏறுனா கேமரா ஆங்கிள் வராது. நெத்தி கட்டாகுது.”

“உங்களுக்கு ஏறிப் பாக்கணும்னு தோணலியா பாஸ்டர்?”

“ஒருதரம் ஏறுனேன் அங்கிள். ஒருமாதிரி பயமா இருந்துச்சு. எல்லாரும் நம்மளையே பாக்குறாங்கல்ல.”

மேடையில் நீல விளக்குக்குக் கீழே முழங்காலில் விழும்போது தோன்றாத பயம் அங்கே தோன்றியிருக்கிறது. அந்த அடைப்புக்குள் நடக்க முடியாது, ஓட முடியாது. சொல்ல வந்ததைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை. தூத்துக்குடி ஐயர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

சோலைக்காட்டில் ஒரு செடி உண்டு. மழை விழுந்ததும் மண்ணைப் பிளந்து வரும். படமெடுத்த பாம்பின் வடிவில் ஒரு மடல், அதன் நிழலில் ஒற்றைத் தண்டு. அரிசீமா என்று தாவரவியல்காரர்கள் பெயர். ஊட்டிப் பக்கம் உள்ள ஓர் இனத்துக்குப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதன் அமெரிக்கச் சொந்தக்காரச் செடியை அந்த ஊர்க்காரர்கள் பார்த்து, குடைக்குக் கீழே நிற்கும் பிரசங்கியாக்கி, பீடத்து ஜாக் என்று பேர் வைத்தார்கள். நம் ஊரில் அதே குடும்பத்துச் செடியைக் கண்டால் பாம்பு என்று விலகிப் போகிறோம். இரண்டு பார்வையிலும் நியாயம் இருக்கிறது.

சக்கரம் எதற்கு மாட்டினார்கள் என்பது போன டிசம்பரில் தெரிந்தது. கிறிஸ்துமஸ் நாடகம். வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள் ‘ஏய் வழி, வழி’ என்று கத்திக்கொண்டு பீடத்தைத் தள்ளிவந்து மேடையில் நிறுத்தினார்கள். மேலே தங்கக் காகிதம் ஒட்டியிருந்தது. ஏரோது ராஜாவின் அரண்மனை உப்பரிகை அது. ஏரோதாக நடித்தவர் பச்சைத்தேயிலை வேன் ஓட்டுகிற பையன். தாடியும் கிரீடமுமாக ஆறு படி ஏறி நிமிர்ந்ததும் கிரீடம் குடையில் இடித்து நசுங்கியது. சபை சிரித்தது. அவன் வாயைத் திறந்தான். காலரில் மாட்டிய மைக் அந்த நேரம் பார்த்து உயிரை விட்டது. சவுண்டு பாக்ஸ் பையன் இருட்டில் பாட்டரியைத் தேடுகிறான். ஏரோது காத்திருக்கவில்லை. பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொன்றுபோடும்படி தன் சொந்தக் குரலில் உத்தரவு போட்டான்.

கடைசி வரிசை வரை கேட்டது. ஒரு எழுத்து உதிரவில்லை. குழந்தைகள் வீறிட்டன.

நாடகம் முடிந்ததும் பாஸ்டர் பீடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குடையைத் தட்டிப் பார்த்தார். “அங்கிள், இதுக்குள்ள ஸ்பீக்கர் ஏதாவது வச்சிருக்காங்களா?”

“பலகைதான் பாஸ்டர். சில்வர் ஓக்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் மலர்ந்தது. “அப்போ ஈஸ்டர் நாடகத்துல பிலாத்துவையும் இதுலயே ஏத்திடலாம்.”